‘அவேர்னஸ்’ என்பதற்கு ஸ்பானிய மொழியில் எந்தச் சொல்? உதவி தேவை

வணக்கம். மார்பகப் புற்றுநோய் பற்றிய ஆங்கிலத் துண்டறிக்கை ஒன்றை மெக்சிகோவில் உள்ள பெண்களுக்காக ஸ்பானிய மொழியில் பெயர்த்துவருகிறேன். ‘அவேர்னஸ்’ என்ற ஒரே சொல்லில் மூன்று நாட்களாகத் தவிக்கிறேன். தமிழில் ‘விழிப்புணர்வு’ என்று எழுதிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

முதலில் ‘கொன்சியென்சியா’ என்று எழுதினேன். ஆனால் அது மனசாட்சியையும் குறிக்கும். நோயுற்ற பெண்ணுக்கு அதில் குற்றஞ்சாட்டும் தொனி துளியும் கேட்கக்கூடாது என்பதே என் கவலை. ஸ்பெயினில் புழங்கும் ‘கொன்சியென்சியாசியோன்’ மெக்சிகோவில் அந்நியமாக ஒலிக்கும். லத்தீன் அமெரிக்காவில் ‘கொன்சியென்டிசாசியோன்’ என்பார்கள். இரண்டுமே பிறருக்கு விழிப்பூட்டும் செயலைச் சொல்பவை. பிரசாரத்தின் தலைப்புக்குச் சரி. ‘உங்கள் உடல் பற்றிய விழிப்புணர்வு’ என்ற வரிக்கு எப்படிப் பொருந்தும்? ‘சென்சிபிலிசாசியோன்’ மென்மையானது, ஆனாலும் அலுவலக அறிக்கையின் வாடை அடிக்கிறது.

தலைப்புக்கு ஒரு சொல், உள்வரிக்கு வேறு சொல் என்று பிரிக்கலாமா? அல்லது உள்வரியில் பெயர்ச்சொல்லையே விட்டுவிட்டு ‘உங்கள் உடலை அறிந்துகொள்ளுங்கள்’ என்று வினையாக மாற்றிவிடலாமா? எனக்கு இரண்டாவதில்தான் மனம் நிற்கிறது. மெக்சிகோ வழக்கு அறிந்தவர்கள், மருத்துவ மொழிபெயர்ப்பில் பழகியவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது.