டிஎன்ஏ இரட்டிப்பு: ‘பின்தங்கும் இழை’க்கு மாற்றாகக் ‘கோவையிழை’

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

செல் பிரிவதற்கு முன் டிஎன்ஏ எப்படி இரண்டாகிறது என்ற பாடத்துக்காக நாம் தொகுக்கும் கலைச்சொல் பட்டியலைப் பற்றி வந்த மடல்களை எல்லாம் வாசித்தேன். பெரும்பாலானவற்றில் எனக்கு உடன்பாடுதான். ஒரு சொல்லில் மட்டும் நாம் கட்டாயம் மாற வேண்டும் என்று நினைக்கிறேன். அதற்குப் போகும் முன் இதை முடித்துவிடலாம்:

> ரெப்ளிகேஷனுக்கு ‘நகலாக்கம்’ என்றே வைக்கலாமே. எல்லாருக்கும் புரியும்.

புரியும் ஐயா, ஆனால் தப்பாகப் புரியும். நகல் எடுத்தால் மூலம் ஒரு பக்கம் அப்படியே இருக்கும், நகல் இன்னொரு பக்கம் இருக்கும். டிஎன்ஏவில் அப்படி நடப்பதில்லை என்பதைத்தான் மெசல்சனும் ஸ்டாலும் 1958-ல் காட்டினார்கள். ஈ.கோலை பாக்டீரியாவைக் கனமான நைட்ரஜன்-15 உள்ள ஊட்டத்தில் பல தலைமுறை வளர்த்து, பிறகு சாதாரண நைட்ரஜன்-14-க்கு மாற்றினார்கள். அதன் டிஎன்ஏவைச் சீசியம் குளோரைடு கரைசலில் போட்டு மிக வேகமாகச் சுழற்றினால், அதனதன் அடர்த்திக்கு ஏற்ற இடத்தில் பட்டையாக நிற்கும். ஒரு தலைமுறைக்குப் பின் பார்த்தால் கனமான பட்டையும் இல்லை, லேசான பட்டையும் இல்லை. நடுவில் ஒரே பட்டை. மூலம் தனியாகத் தப்பியிருந்தால் கனமான பட்டை மிஞ்சியிருக்க வேண்டுமே! அடுத்த தலைமுறையில் பாதி நடுவில் நின்றது, பாதி லேசான இடத்துக்குப் போனது. ஆக, ஒவ்வொரு சேய் மூலக்கூறிலும் ஓர் இழை பழையது, ஓர் இழை புதியது. இதில் எது மூலம், எது நகல்?

பாடநூல்களில் இருக்கும் ‘இரட்டிப்பாதல்’ இந்தச் சிக்கலில் மாட்டாது. அதைச் சுருக்கி இரட்டிப்பு என்றே வைத்துக்கொள்வோம். ‘டிஎன்ஏ இரட்டிக்கிறது’ என்று வினையாக வரும், ‘இரட்டிப்புக் கவை’ (இரண்டு இழைகளும் பிரிந்து கவை போல நிற்கும் இடம்) என்று இன்னொரு சொல்லோடு சேரும். ‘படி’யை இங்கே இழுக்க வேண்டாம், படியெடுத்தல் ஆர்என்ஏ உருவாவதற்கு என்று எப்போதோ நிலைத்துவிட்டது.

இப்போது என் முக்கியமான மறுப்புக்கு வருகிறேன்.

> லீடிங் – முன்செல்லும் இழை, லேகிங் – பின்தங்கும் இழை. நேர்ச் சொற்கள், வேறென்ன வேண்டும்?

பின்தங்குதல் என்று தமிழில் சொன்னதும் வேகம் குறைவு என்றுதான் காதில் விழுகிறது. ஓட்டத்தில் பின்தங்கினான், படிப்பில் பின்தங்கினாள் என்றுதானே சொல்கிறோம். பாடம் படிக்கும் பிள்ளைகள் ஓர் இழை வேகமாகவும் மற்றது மெதுவாகவும் உருவாகிறது என்று எழுதிவிடுகிறார்கள். அவர்கள் மேல் குற்றமில்லை, சொல் அப்படிச் சொல்லித் தருகிறது.

நடப்பது வேறு. டிஎன்ஏவின் இரண்டு இழைகளும் எதிரெதிர்த் திசையில் ஓடுகின்றன. புதிய இழையைக் கட்டும் பாலிமரேஸ் நொதியோ ஒரே திசையில்தான் வேலை செய்யும்: வளரும் இழையின் ஒரு முனையில் (அதை 3′ முனை என்பார்கள்) மட்டுமே, இழையின் அடுத்த அலகான நியூக்ளியோடைடைச் சேர்க்கும். ஹெலிகேஸ் நொதி முறுக்கைப் பிரித்துக்கொண்டு போக, கவை முன்னேறுகிறது. பிரிந்த பழைய இழை ஒவ்வொன்றும் புதிய இழைக்கு அச்சாக இருப்பதால் அதை அச்சிழை (டெம்ப்ளேட்) என்கிறேன். ஓர் அச்சிழையின் மேல் புதிய இழை கவையைப் பின்தொடர்ந்து விடாமல் நீள்கிறது. மற்ற அச்சிழையின் மேல் கட்ட வேண்டுமானால் கவைக்கு எதிர்ப்புறமாகப் போக வேண்டும். அதனால் கொஞ்ச நீளம் திறந்ததும் ஒரு துண்டு, இன்னும் கொஞ்சம் திறந்ததும் அடுத்த துண்டு என்று கட்டி, கடைசியில் லைகேஸ் நொதி துண்டுகளைக் கோத்துவிடுகிறது. துண்டு தொடங்க இடம் திறக்கும்வரை காத்திருக்க வேண்டியிருப்பதால் ஆங்கிலப் பெயருக்கும் ஒரு நியாயம் உண்டு. ஆனால் பாக்டீரியாவில் இரண்டு பக்கத்துக்குமான பாலிமரேஸ்களும் ஒரே கூட்டமைப்பில் பிணைந்து, கவையோடு சேர்ந்தே நகர்கின்றன. துண்டு துண்டாகக் கட்டப்படும் பக்கத்து அச்சிழை கண்ணியாக வளைந்து கொடுப்பதால்தான் இது முடிகிறது.

வேகத்தைப் பாருங்கள். ஈ.கோலையில் ஒரு கவை நொடிக்குச் சுமார் 1,000 நியூக்ளியோடைடு நகர்கிறது. அங்கே ஒரு துண்டின் நீளம் 1,000 முதல் 2,000 வரை. அதாவது ஓரிரு நொடிக்கு ஒரு துண்டு! 46 லட்சம் நியூக்ளியோடைடு இணை கொண்ட அந்த வட்ட டிஎன்ஏவை, ஒரே இடத்தில் தொடங்கி இரு பக்கமும் ஓடும் இரண்டு கவைகள் சுமார் 40 நிமிடத்தில் முடித்துவிடுகின்றன. நம் செல்களில் கவையின் வேகம் நொடிக்குச் சுமார் 50-தான், துண்டுகளும் 100 முதல் 200 வரைதான். பல்லாயிரம் இடங்களில் தொடங்குவதால் சுமார் 8 மணி நேரத்தில் வேலை முடிகிறது. இதில் எங்கேயும் ஓர் இழை சோம்பிக் கிடக்கவில்லை.

எனவே சொல் வேகத்தைக் காட்டக் கூடாது, கட்டும் விதத்தைக் காட்ட வேண்டும். லீடிங் ஸ்ட்ராண்டுக்குத் தொடரிழை போதும். மற்றதற்கு முதலில் எனக்குத் தோன்றியது துண்டிழை. ஆனால் அது ஒரு தனித் துண்டையும் குறிக்கும், முழு இழையையும் குறிக்கும். ‘துண்டிழையில் எத்தனை துண்டிழை’ என்று எழுத நேரும். துண்டுகளைக் கோப்பதால் கோப்பிழை எனலாமா என்றால், கணினிக்காரர்கள் கோப்பில் பிழை என்று வாசிப்பார்கள். டெம்ப்ளேட்டுக்கு முன்பு இங்கே வந்த ‘வார்ப்பிழை’க்கும் இதே கதிதான். ‘ப்பு’ என்று முடியும் எந்தச் சொல்லோடும் இழையைச் சேர்க்காதீர்கள், அது பிழையாகிவிடும். ஆகவேதான் அச்சிழை.

நான் முன்வைப்பது கோவையிழை. கோத்து ஆக்கியது கோவை. கோயம்புத்தூரும் கோவைக்காயும் நினைவுக்கு வரும் என்று ஒருவர் எழுதக்கூடும். ஆனால் கணக்குப் பாடத்தில் இயற்கணிதக் கோவையைப் படிக்கும் பிள்ளைக்கு அந்தக் குழப்பம் வருவதில்லை, இங்கும் வராது. கூடுதல் லாபம் ஒன்றும் உண்டு: லைகேஸ் செய்யும் வேலைக்குக் ‘கோத்தல்’ என்ற வினை தானாகவே கிடைத்துவிடுகிறது.

> தாயிழை – சேயிழை என்பது எவ்வளவு அழகு!

அழகுதான் அம்மா. ஆனால் சேயிழை ஏற்கெனவே இருக்கும் சொல். திருக்குறளில் (1110) சிவந்த அணிகள் பூண்ட பெண்ணைக் குறித்து வருகிறது. தமிழ் வகுப்பில் ஒரு பொருளும் உயிரியல் வகுப்பில் இன்னொரு பொருளும் கொடுப்பது நல்லதல்ல. தவிர, இன்று சேயான இழை அடுத்த சுற்றில் தாயாகிவிடும். பழைய இழை, புதிய இழை என்றாலே தெளிவாக இருக்கிறது.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். கோவையிழையின் துண்டுகளை ஆங்கிலத்தில் ஒகசாகித் துண்டுகள் என்கிறார்கள். அவற்றுக்குக் ‘குறுந்துண்டு’ என்று பெயரிட்டு ஒகசாகியின் பெயரை நீக்கலாம் என்ற யோசனையை நான் ஏற்கவில்லை. நகோயா பல்கலைக்கழகத்தில் ரெய்ஜி ஒகசாகியும் அவர் மனைவி த்சுனேகோ ஒகசாகியும் சேர்ந்து கண்டது அது. கதிரியக்க தைமிடினை ஈ.கோலைக்குச் சில நொடிகள் மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். அது குட்டையான துண்டுகளில் இருந்தது. கூடுதல் நேரம் கொடுத்தபோது நீண்ட இழைகளில் தெரிந்தது. முதலில் துண்டு, பிறகு கோவை என்பது அப்படித்தான் தெரியவந்தது. 1968-ல் அதை வெளியிட்டார்கள். ரெய்ஜி ஹிரோஷிமாவில் பிறந்தவர், அணுகுண்டின் கதிர்வீச்சுக்கு ஆளானவர். 1975-ல் ரத்தப் புற்றுநோயால் 44 வயதில் இறந்தார். அதற்குப் பிறகும் த்சுனேகோ ஆய்வைத் தொடர்ந்து, ஒவ்வொரு துண்டின் தொடக்கத்திலும் ஒரு சிறு ஆர்என்ஏ பிரைமர் (பாலிமரேஸ் கட்டத் தொடங்குவதற்கான தொடக்கத் துண்டு) இருப்பதை உறுதிப்படுத்தினார். ‘ஒகசாகித் துண்டு’ என்றே இருக்கட்டும். இந்த இருவரும் யார் என்று பாடநூலில் இரண்டு வரியும் சேர்க்க வேண்டும்.

பிரைமருக்குச் சொல் தேட வேண்டாம் என்பது என் எண்ணம். ஆய்வகத்தில் தினமும் பிரைமர் ஆர்டர் செய்கிறவர்கள் வேறு பெயருக்கு மாறப்போவதில்லை.

பட்டியலுக்கான வரைவு:

கோவையிழை (பெயர்): டிஎன்ஏ இரட்டிக்கும்போது, கவை நகரும் திசைக்கு எதிராக ஒகசாகித் துண்டுகளாகக் கட்டப்பட்டு, லைகேஸ் நொதியால் கோக்கப்படும் புதிய இழை. எதிர்: தொடரிழை.

பன்னிரண்டாம் வகுப்புக்கு இந்தப் பாடம் எடுக்கும் ஆசிரியர்கள் நம் குழுமத்தில் இருக்கிறீர்கள். இந்த வரைவைப் பிள்ளைகளிடம் வாசித்துக் காட்டி, கோவையிழை ஏன் துண்டு துண்டாக உருவாகிறது என்று கேட்டுப் பார்த்து எழுதுங்கள். ‘அது மெதுவானது’ என்ற பதில் வராவிட்டால் பட்டியலில் ஏற்றிவிடலாம்.