போரில் போனவர்களின் பெயர் தெருச் சுவரில்: பார்த்தவர்கள் எழுதுங்கள்

லண்டனுக்கு வடக்கே, ரயிலேறினால் அரை மணி நேரத்துக்குள் வந்துவிடும் செயின்ட் ஆல்பன்ஸ். அங்கே போகிறவர்கள் பெரிய தேவாலயத்தைப் பார்க்கத்தான் போவார்கள், நானும் அப்படித்தான். திரும்பும்போது ஃபிஷ்பூல் தெரு வழியாக இறங்கினேன். ஒரு சுவரில் பெயர்ப் பலகை இருந்தது. முதல் உலகப் போருக்குப் போய்த் திரும்பாதவர்களின் பெயர்கள். ஊர் முழுவதற்கும் பொதுவானது இல்லை, அந்தத் தெருக்காரர்கள் மட்டும். ஹோலிவெல் ஹில், சோப்வெல் லேன் என்று பக்கத்துத் தெருக்களுக்கும் தனித்தனியே உண்டு.

நான் ஒவ்வொரு பெயராக வாசித்துக்கொண்டு நின்றதைப் பார்த்து, காய்கறிப் பையோடு வந்த ஒரு பாட்டியம்மா நின்றார். ஒரு பெயரின் மேல் விரலை வைத்து, "இந்தப் பையன் இப்போது நான் இருக்கும் வீட்டில்தான் வளர்ந்தான்" என்றார். 1911 மக்கள்தொகைக் கணக்கெடுப்பைத் தேடிக் கண்டுபிடித்தாராம். அவருக்கு அவன் உறவு இல்லை. ஆனாலும் சொந்தப் பேரனைச் சொல்வதுபோலச் சொன்னார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

பிரான்சில் செத்தவர்களின் உடலை ஊருக்குக் கொண்டுவர 1915-லேயே தடை போட்டுவிட்டார்கள். பெற்றவளுக்குப் போய் அழ ஒரு சமாதிகூட இல்லை. அதனால்தான் பெயர்கள் வீட்டு வாசலுக்கே வந்தன. லண்டனின் ஹாக்னி பகுதியில் போர் முடியும்வரைகூடக் காத்திருக்கவில்லை. தெருவிலேயே பெயர்களை எழுதி மாட்டிப் பூ வைத்தார்கள். 1916-ல் மேரி ராணியே நேரில் வந்து பார்த்தார். உங்கள் ஊர்ப் பக்கம் இப்படி ஏதாவது உண்டா?

*

உண்டு அண்ணா, ஆனால் பெயர் இல்லை. வேலூர் லாங் பஜாரில் மணிக்கூண்டு இருக்கிறதே, அதில் ஒரு கல். இந்த ஊரிலிருந்து 277 பேர் 1914-18 பெரும்போருக்குப் போனார்கள், அவர்களில் 14 பேர் உயிர் நீத்தார்கள் என்று ஆங்கிலத்தில் வெட்டியிருக்கிறது. அவ்வளவுதான். இந்தியாவில் பல ஊர்களில் பிரிட்டிஷ் அரசு வைத்த கல்லெல்லாம் இந்த மாதிரிதான், வெறும் கணக்கு.

எங்கள் தாத்தாவின் பெரியப்பா மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படையில் இருந்தவர். இன்றைய இராக்கில் இருக்கும் பஸ்ராவுக்குப் போனவர் வரவில்லை. ஊரில் எங்களை இன்றைக்கும் பட்டாளத்தார் வீடு என்றுதான் சொல்வார்கள். அவர் பெயர் மட்டும் எந்தக் கல்லிலும் கிடையாது. நீங்கள் சொன்ன பாட்டி ஒரு பெயரின் மேல் விரல் வைத்தாரே, அதைப் படித்ததும் ரொம்ப நேரம் மனசு ஆறவில்லை. வேலூர்க் கல்லில் எங்கே விரல் வைப்பது?

*

தம்பி, பஸ்ரா நினைவகத்திலேயே அந்த அநியாயம் நடந்தது. வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்குப் பெயர் வெட்டினார்கள், இந்திய அதிகாரிகளுக்கும் வெட்டினார்கள். சாதாரண இந்தியச் சிப்பாய்களுக்கு எண்ணிக்கை மட்டும். பிரான்சில் நெவ் ஷப்பெல் நினைவகத்தில், 1927-ல் திறந்தது, இந்தியச் சிப்பாய்களின் பெயர்கள் வரிசையாக இருக்கின்றன. அதாவது எழுத முடியாமல் இல்லை. இந்தக் கல்லறைகளையும் நினைவகங்களையும் பராமரிக்கும் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையமே 2021-ல் அறிக்கை வெளியிட்டு இந்தப் பாரபட்சத்தை ஒப்புக்கொண்டு மன்னிப்பும் கேட்டது.

அந்த ஆணையத்தின் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் தேடலாம். இந்தியச் சிப்பாய்கள் பலருடைய பதிவில் தகப்பன் பெயரும் ஊரும் இருக்கும். வேலூர் அப்போது வட ஆற்காடு ஜில்லா, அதையும் போட்டுத் தேடுங்கள். பெயரை ஆங்கிலத்தில் கன்னாபின்னாவென்று எழுதியிருப்பார்கள், ஒரே எழுத்துக்கூட்டலோடு நிறுத்திவிடாதீர்கள். பெரியப்பாவின் பெயரும் அவர் அப்பா பெயரும் தெரிந்தால் இங்கே போடுங்கள், நானும் உட்கார்ந்து தேடுகிறேன்.