டிசிஎஸ் முஸ்டாங்: ட்ரிம் ஏன் நிலைக்க மாட்டேன் என்கிறது?

ஒற்றைவால் கேட்டது:

டிசிஎஸ் என்ற கணினி விமான சிமுலேட்டரில் பி-51டி முஸ்டாங். ஸ்பிரிங் வைத்த சாதாரண ஜாய்ஸ்டிக், மூக்கை இடவலமாகத் திருப்பும் ரட்டருக்குத் தனி பெடல், ட்ரிம் (ஸ்டிக், பெடலைப் பிடித்துக்கொண்டே இருக்காமல் விமானம் அப்படியே பறக்கச் செய்யும் சரிகட்டல்) முழுக்க ஸ்டிக்கின் தலையிலுள்ள ஹேட் ஸ்விட்சில். மட்டமாகப் பறக்க ட்ரிம் செய்து முடித்த பிறகு த்ராட்டிலைத் தொட்டால் எல்லாம் கலைகிறது. பவர் ஏற்றினால் மூக்கு இடப்பக்கம் ஓடுகிறது. டைவ் அடித்தால் மூக்கு தானாக மேலே வருகிறது. இறுக்கித் திருப்பினால் எச்சரிக்கையே இல்லாமல் ஒரு இறக்கை விழுந்து புரண்டுவிடுகிறது. எரிபொருள் 100 சதவீதம். இது விமானத்தின் குணமா, என் செட்டிங் கோளாறா? ஜெர்மன் போர் விமானமான பிஎஃப் 109-இல் ரட்டர் ட்ரிம்முக்குக் கீயே காணவில்லையே, அது ஏன்?

---

காற்றுவாக்கு:

முதல் இரண்டும் விமானத்தின் குணம்தான். எலிவேட்டர் (மூக்கை ஏற்றி இறக்கும் வால் தகடு) ட்ரிம் விமானத்தை ஒரு வேகத்துக்குக் கட்டிவைக்கிறது, உயரத்துக்கு இல்லை. மணிக்கு 250 மைலில் ட்ரிம் செய்த விமானம் டைவில் 350-ஐத் தொட்டால், பழைய வேகத்துக்குத் திரும்ப மூக்கைத் தூக்கும். தூக்கவில்லை என்றால்தான் கவலைப்பட வேண்டும். இடப்பக்க இழுப்புக்குக் காரணம் ப்ரொப்பெல்லர். மெர்லின் என்ஜின், காக்பிட்டிலிருந்து பார்த்தால் ப்ரொப்பை வலஞ்சுழியாகச் சுற்றுகிறது. பவர் கூடி வேகம் குறைவாக இருக்கும்போது இழுப்பு அதிகம், வேகம் ஏறினால் தானே தணியும். ஆகவே பவரும் வேகமும் மாறும்போதெல்லாம் ட்ரிம்மும் மாறத்தான் வேண்டும்.

வரிசைதான் முக்கியம். முதலில் பவரை வையுங்கள். முஸ்டாங்குக்குத் தொடர்ந்து ஓட்டக்கூடிய உச்சம் 46 இஞ்ச் (என்ஜினுக்குள் போகும் காற்றின் அழுத்தம்), 2700 ஆர்பிஎம். பயணத்துக்கு அதற்கும் கீழே போதும். மூக்கைத் தேவையான இடத்தில் ஸ்டிக்காலேயே பிடித்துக்கொண்டு வேகமுள் நிற்கும்வரை காத்திருங்கள். இங்கேதான் எல்லாரும் அவசரப்படுகிறார்கள். வேகம் இன்னும் ஏறிக்கொண்டிருக்கும்போது ட்ரிம் செய்தால் அரை நிமிடத்தில் அது பொய்யாகிவிடும். முள் நின்றதும் முதலில் ரட்டர்: சறுக்கல் காட்டியில் உள்ள பந்து எந்தப் பக்கம் ஒதுங்குகிறதோ அந்தப் பக்கப் பெடலை மிதித்து நடுவுக்குக் கொண்டுவந்து, கால் சுமை போகும்வரை அதே பக்கம் ட்ரிம். பிறகு எலிவேட்டர். ஏய்லரான் (இறக்கையைச் சாய்க்கும் தகடு) கடைசி, அதுவும் கொஞ்சம்தான். ரட்டர் சரியில்லாமல் ஏய்லரானைத் தொட்டால் விமானம் பக்கவாட்டில் சறுக்கியபடியே 'நேராக' பறக்கும், சுட்டால் குண்டு இலக்கைத் தவறும்.

வலது கன்ட்ரோலும் என்டரும் சேர்த்து அழுத்தினால் கன்ட்ரோல் காட்டி வரும். பழகும் காலத்தில் அதைத் திறந்தே வையுங்கள். எவ்வளவு ஸ்டிக் பிடித்திருக்கிறீர்கள் என்பது கண்ணுக்குத் தெரியும்.

---

பின்தொட்டி:

மூன்றாவது சிக்கலுக்கு விடை உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது: 100 சதவீத எரிபொருள்.

முஸ்டாங்கில் இறக்கைக்கு 92 காலன் வீதம் இரண்டு தொட்டி, விமானியின் முதுகுக்குப் பின்னால் 85 காலன் தொட்டி ஒன்று, ஆக 269. அந்தப் பின்தொட்டி நிறைந்திருந்தால் எடைமையம் பின்னால் போய்விடும். அப்போது திருப்பத்தில் ஸ்டிக்கை இழுக்க இழுக்கச் சுமை கூடுவதற்குப் பதில் குறையும், ஒரு கட்டத்தில் ஸ்டிக் தானாகவே வயிற்றை நோக்கி வரும். நிஜ விமானி அதைக் கையில் உணர்ந்து எதிர்ப்பக்கம் தள்ளுவார். ஸ்பிரிங் ஜாய்ஸ்டிக் அதைச் சொல்லவே சொல்லாது. அதன் ஸ்பிரிங் இழுப்பு எப்போதும் ஒரே மாதிரிதான். நீங்கள் கேட்டதைவிட அதிகமாக மூக்கு உள்ளே வளைந்து, இறக்கை ஸ்டால் ஆகி (தூக்குவிசையை இழந்து), புரண்டுவிடுகிறது.

மிஷன் எடிட்டரில் எரிபொருளை 68 சதவீதத்துக்குக் கீழே வைத்தால் பின்தொட்டி காலியாக இருக்கும், இறக்கைத் தொட்டிகள் கிட்டத்தட்ட நிறைந்திருக்கும். தூரப் பயணத்துக்கு முழுதும் நிரப்பத்தான் வேண்டுமென்றால், இடது இறக்கைத் தொட்டியில் டேக்ஆஃப் செய்து, மேலே போனதும் பின்தொட்டிக்கு மாற்றி, அதில் 25 காலன் அளவுக்கு இறங்கும்வரை எரித்துவிடுங்கள். அதுவரை சண்டை வேண்டாம். இடது தொட்டியில் தொடங்குவதற்குக் காரணம், கார்புரேட்டரிலிருந்து ஆவியோடு திரும்பும் எரிபொருள் அங்கேதான் போய்ச் சேர்கிறது.

டேக்ஆஃபுக்கு ரட்டர் ட்ரிம் வலது 5 முதல் 6 டிகிரி, ஏய்லரான் சுழி. பின்தொட்டி நிறைந்திருந்தால் எலிவேட்டரை 2 முதல் 4 டிகிரி மூக்குக் கீழாக வையுங்கள், அது கிட்டத்தட்டக் காலி என்றால் சுழி. பறக்கும்போது விமானம் மெல்ல ஒரு பக்கம் சாய்கிறதென்றால் ஏய்லரான் ட்ரிம்மைத் தேடாதீர்கள். தொட்டிகளை மாற்றாமல் ஒன்றையே எரித்திருப்பீர்கள்.

---

மெசர்_109:

109-இல் காக்பிட்டிலிருந்து ரட்டரையோ ஏய்லரானையோ ட்ரிம் செய்ய முடியாது. அவற்றில் இருப்பவை தரையில் மெக்கானிக் வளைத்துவைக்கும் சிறு தகடுகள். டிசிஎஸ்-இல் இருக்கும் கே-4 ரக 109-க்கு ஸ்பெஷல் ஆப்ஷன்ஸில் அந்த வளைவை மாற்றலாம். பயண வேகத்தில் பந்து நடுவில் நிற்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். அதன்பின் ஏறும்போது வலது கால், வேகமாக இறங்கும்போது இடது கால். பறக்கிற நேரம் முழுக்கக் கால்களுக்கு வேலை உண்டு.

எலிவேட்டருக்கு ட்ரிம் தகடு கிடையாது. இடப்பக்கம் இருக்கும் பெரிய கைச்சக்கரம் கிடைவாலை முழுதாகவே நகர்த்தும். ஃப்ளாப் சக்கரமும் அதன் பக்கத்திலேயே இருப்பதால் இரண்டையும் ஒரே கையால் சேர்த்துச் சுற்றலாம். ஃப்ளாப் இறங்கும்போது மூக்கு மாறுவதை அதுவே சமன் செய்யும். நல்ல வடிவமைப்பு.

அதிவேகத்தில் 109-இன் எலிவேட்டர் இறுகிவிடும், அப்போது வாலை நகர்த்தினால் மூக்கு வரும். சிலர் அந்தச் சக்கரத்தை வேகமான ஆக்சிஸில் கட்டி, திருப்பத்தில் இரண்டாவது ஸ்டிக் போல இழுக்கிறார்கள். இது சரியில்லை. நிஜத்தில் சக்கரத்தைச் சுற்றும் இடது கை த்ராட்டிலை விட்டாக வேண்டும், சுற்றவும் நேரம் பிடிக்கும்.

---

ஒற்றைவால்:

நன்றி, எரிபொருளை மாற்றிவிடுகிறேன். டைவிலிருந்து எழ ட்ரிம்மைப் பயன்படுத்தலாமா? சண்டைக்கு முன் எதில் வைத்துவிட்டு மறப்பது?

---

காற்றுவாக்கு:

டைவில் வேண்டாம். முஸ்டாங்கின் சிவப்புக் கோடு (தாண்டக்கூடாத வேகம்) 505 மைல், உயரத்தில் அதற்கு முன்பே ஒலிவேகத்தை நெருங்குவதால் காற்று அமுங்கும் சிக்கல் வந்துவிடும். மேலே எலிவேட்டர் மரத்துப்போன நிலையில் மூக்கு மேலாக ட்ரிம் போட்டால் உடனே ஒன்றும் நடக்காது. கீழே அடர்ந்த காற்றில் எலிவேட்டர் உயிர்பெற்றதும் போட்ட ட்ரிம் அத்தனையும் ஒரே நொடியில் வேலை செய்து இறக்கையை முறித்துவிடும். பவரைக் குறைத்து, ஸ்டிக்கை நிதானமாக இழுத்துக் காத்திருங்கள்.

சண்டைக்கு முன் 270, 280 மைல் அளவுக்கு எலிவேட்டரை ட்ரிம் செய்துவிடுங்கள். திருப்பத்தில் மூக்கு மேலாகப் போடாதீர்கள். ஸ்டிக்கைத் தளர்த்தும் நொடியில் மூக்கு குதிக்கும், குறி போய்விடும். ரட்டர் ட்ரிம்மை வேண்டுமானால் தொடலாம், ஆனால் பெடல் இருக்கும்போது காலே வேகமானது.

---

பின்தொட்டி:

ஆக்சிஸ் ட்யூனில் (ஸ்டிக் அசைவுக்கு விமானம் எப்படி இணங்க வேண்டும் என்று வைக்கும் செட்டிங்) எலிவேட்டருக்கு வளைவு 15 முதல் 20 வரை போதும். அதற்கு மேல் போனால் நடுவில் மந்தமாகி, கடைசியில் பாய்ந்துவிடும், ஸ்டால் விளிம்பில் உங்களுக்கு வேண்டியதற்கு நேர் எதிர். டெட்சோன் (நடுவில் சிறு அசைவைக் கண்டுகொள்ளாத பகுதி) ஸ்டிக் நடுங்கினால் மட்டும். எலிவேட்டர் ட்ரிம்மை ஹேட்டிலிருந்து எடுத்து த்ராட்டிலில் இருக்கும் சுழல் குமிழுக்கு மாற்றினால் நுணுக்கம் கூடும். ஆனால் மிஷன் தொடங்கும்போது குமிழ் எங்கே நிற்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள், டேக்ஆஃப் ட்ரிம் அதுவாகிவிடும்.