மாதவிடாய் முடிந்த பிறகும் இடுப்புக்குள் வலி: வீட்டில் என்ன செய்யலாம்?

யீஷூன்_மல்லிகை:
வயது 34, பாலர் பள்ளி ஆசிரியை. குட்டி நாற்காலியில் உட்காருவதும் தரையிலிருந்து எழுவதுமாகத்தான் என் பொழுது போகும். மாதவிடாய் வலி சின்ன வயதிலிருந்தே உண்டு. ஆனால் இப்போது அது முடிந்த பிறகும் அடிவயிற்றுக்குக் கீழே யாரோ முறுக்கிப் பிடித்த மாதிரி ஒரு இறுக்கம். ரொம்ப நேரம் உட்கார்ந்தாலும் மலச்சிக்கல் வந்தாலும் கூடுகிறது. பலதுறை மருந்தகத்தில் சிறுநீர்ப் பரிசோதனை செய்தார்கள், கிருமி இல்லை. மகளிர் மருத்துவரைப் பார்க்கக் கடிதம் தந்திருக்கிறார்கள், அந்தத் தேதி வர நாளாகும். அதுவரை என்ன செய்வது? மாமியார் கோடாலித் தைலம் தடவு என்கிறார். தோழி கீகல் பயிற்சி (இடுப்பின் அடித்தளத் தசைகளை இறுக்கி இறுக்கி விடுவது) செய் என்கிறாள். அதைச் செய்தால் வலி கூடுகிற மாதிரி இருக்கிறது. போன்ஸ்டான் வலி மாத்திரை தினமும் போடலாமா?

அங்மோகியோ_அக்கா:
முதலில் அந்தக் கீகலை நிறுத்தும்மா. எனக்கு எண்டோமெட்ரியோசிஸ். கர்ப்பப்பையின் உள்தோலைப் போன்ற திசு வெளியே வளரும் நோய், பிள்ளை பெறும் வயதுப் பெண்களில் சுமார் 10 விழுக்காட்டினருக்கு இருக்கிறது. உனக்கும் அதுதான் என்று சொல்ல வரவில்லை. ஆனால் வலி வருடக்கணக்கில் இருந்தால் இடுப்பின் அடித்தளத் தசைகள் தானாகவே இறுகிப் போகலாம் என்று என் பிசியோ (இயன்முறை சிகிச்சையாளர்) சொன்னார். மூத்திரப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் எல்லாவற்றையும் கீழிருந்து தாங்குகிற தசைகள் அவை. கீகல் அவற்றை இறுக்கும் பயிற்சி. பிரசவத்துக்குப் பின் இருமினால் சிறுநீர் கசிகிறவர்களுக்கு நல்லது. ஏற்கனவே இறுகிக் கிடக்கும் தசையை இன்னும் இறுக்கினால் வலிக்கத்தானே செய்யும்?

அவர் எனக்குச் சொல்லிக் கொடுத்தது தளர்த்துவது. மல்லாந்து படு, கெண்டைக்கால்களை நாற்காலி மேல் வை, ஒரு கையை வயிற்றில் வை. வயிறு எழும்பும்படி மூச்சை இழு, அப்போது அடித்தளமும் மெல்லக் கீழே இறங்குவது தெரியும். முக்காதே. மூச்சை மெதுவாக விடு. தாடையையும் தளர்த்து, பல்லைக் கடித்துக்கொண்டிருந்தால் கீழேயும் இறுகும். சிரிக்காதே, செய்து பார்! படுக்கும் முன் ஐந்து நிமிடம் போதும்.

கழிப்பறையில் காலுக்கு ஒரு குட்டி ஸ்டூல் போட்டுக்கொள், முட்டி இடுப்பைவிட உயரமாக இருந்தால் முக்காமல் போகும். தண்ணீர், பப்பாளி, கீரை. வகுப்பில் அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து நட.

வெந்நீர்ப் பையைத் துணியில் சுற்றி 15, 20 நிமிடம் வை, வைத்தபடி தூங்காதே. தைலம் தடவிய இடத்தில் சூடு வைக்காதே, தோல் வெந்துவிடும். மாமியாரிடம் இதை நீயே பக்குவமாகச் சொல்லிக்கொள்.

மருந்துக்கடை_ராணி:
போன்ஸ்டான் என்பது மெஃபனாமிக் அமிலம். சாப்பிட்ட பிறகுதான் போட வேண்டும். வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு இருந்தாலோ, இந்த வகை மாத்திரையால் ஆஸ்துமா கிளம்பினாலோ, கர்ப்பமாக இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தாலோ தொடாதீர்கள். கூடவே ஐபுபுரூஃபனோ நாப்ராக்சனோ சேர்க்கக் கூடாது, மூன்றும் ஒரே இனம். மாதவிடாய் வலிக்கு என்றால் வலி முற்றும்வரை காத்திராமல் ஆரம்பத்திலேயே போடுங்கள். மற்ற நாளிலும் தினமும் தேவைப்பட்டால் மருத்துவரைக் கேட்காமல் தொடராதீர்கள்.

யீஷூன்_மல்லிகை:
நன்றி அக்கா. ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்று வந்துவிட்டால்? அப்போது எல்லாம் மனசுதான் காரணம் என்பார்களோ என்று பயம்.

அங்மோகியோ_அக்கா:
ஸ்கேன் சுத்தமாக இருந்தாலும் எண்டோமெட்ரியோசிஸ் இல்லை என்று ஆகிவிடாது. அதனால் இப்போதே குறித்து வை: வலி வந்த நாள், மாதவிடாயின் எத்தனையாவது நாள், மலம் போகும்போதா, சிறுநீர் போகும்போதா, கணவரோடு சேரும்போதா. கடைசியதைச் சொல்லக் கூச்சப்படாதே, மருத்துவருக்கு அது முக்கியமான துப்பு. இடுப்புத் தசை பிசியோவுக்கு அனுப்ப முடியுமா என்று நீயாகவே கேள், கேகே மருத்துவமனையில் உண்டு.

காய்ச்சலோடு வலி, திடீரென்று தாங்க முடியாத வலி, மயக்கம், நாள் தள்ளிப்போய் ஒரு பக்கம் வலி என்றால் தேதிக்குக் காத்திருக்காதே, அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போய்விடு.