மீன்தொட்டி ஸ்டாண்ட் ஆடுகிறது, ஞாயிறு தொட்டி வருகிறது, அவசரம்

உப்புவெளிக்காரன்
வணக்கம். பெரிய தொட்டி ஒன்றுக்குச் சொல்லியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்து இறக்குவார்கள். ஸ்டாண்டை நானே மரத்தில் செய்துவிட்டேன். நல்ல மரம்தான், ஸ்குரூ எல்லாம் இறுக்கித்தான் போட்டிருக்கிறேன். ஆனால் கையால் தள்ளினால் ஆடுகிறது. இன்னும் இரண்டு கால் வைத்தால் சரிவருமா? தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.

ஆஸ்கார்_வீடு
பெரிய தொட்டி என்றால் எத்தனை அடி? நீளம், அகலம், உயரம் மூன்றும் வேண்டும். கண்ணாடி எத்தனை மில்லிமீற்றர்?

கிண்ணியா_வாசி
என்ன மரம்? கால் என்ன சைஸ்? மேல்மாடியா கீழ்வீடா? படம் இருந்தால் போடுங்கள் தம்பி.

பொக்ஸ்பார்
மரமே வேண்டாம். ஒன்றரை இஞ்சி பொக்ஸ் பாரில் வெல்டிங் கடையில் கொடுத்தால் ஒரே நாளில் அடித்துத் தருவார்கள். யானை ஏறினாலும் அசையாது.

பாலையூற்று_அக்கா
உப்புவெளியில் இரும்பா? எங்கள் வீட்டு ஜன்னல் கம்பியை வந்து பாருங்கள். பெயின்ட் அடித்த அடுத்த மாரிக்கே கறள் பிடித்துக் கொப்புளம் போடுகிறது. கடல் காற்றும் தொட்டியில் இருந்து சிந்துகிற தண்ணீரும் சேர்ந்தால் அடிக்கால்தான் முதலில் போகும்.

பொக்ஸ்பார்
கல்வனைஸ் பார் எடுக்கலாமே அக்கா.

பாலையூற்று_அக்கா
வெல்டிங் வைத்த இடத்தில் கல்வனைஸ் எரிந்துபோகும். கறள் அங்கேதான் தொடங்கும்.

ஆணிவேர் (மூத்த உறுப்பினர்)
இதே கேள்வி மாதம் ஒரு முறை வருகிறது. மேலே தேடுவதற்கு ஒரு பெட்டி இருக்கிறது, அது அலங்காரத்துக்கு வைத்ததல்ல. "நல்ல மரம்", "பெரிய தொட்டி", "இறுக்கித்தான் போட்டிருக்கிறேன்" என்பதெல்லாம் அளவுகள் அல்ல. முறையான ஸ்டாண்டில் ஸ்குரூவே இருக்கக் கூடாது. கழுந்தும் துளையும் வெட்டி, ஒன்றுக்குள் ஒன்றை இறக்கி, பசை வைத்து, மர ஆணி அடிக்க வேண்டும். நம் ஊர் ஓடாவிமார் கட்டில் செய்வதைப் பார்த்தாவது கற்றுக்கொள்ளலாம்.

கிண்ணியா_வாசி
ஐயா, ஞாயிறு தொட்டி வருகிறது என்கிறார். கழுந்து வெட்டி முடிக்கையில் மீனுக்கு வயசு போய்விடும்.

உப்புவெளிக்காரன்
மன்னிக்கவும், வேலையில் நின்றேன். 5 அடி, 2, 2. கண்ணாடி 12 மில்லி. கீழ்வீடு, ரைல்ஸ் பதித்த நிலம். மரம் சிவப்பு நிறம், மரக்காலையில் மகோகனி என்றுதான் தந்தார்கள். கால் 2க்கு 2 இஞ்சி, நாலு மூலைக்கும் நாலு. மேல்சட்டம் 4க்கு 2 இஞ்சி. உயரம் 30 இஞ்சி. ஆஸ்கார் மீன் விடப்போகிறேன். உள்ளே கொஞ்சம் முருகைக்கல்லும் (பவளப் பாறைத் துண்டு) அடுக்க யோசனை, கடற்கரையில் கிடக்கிறது. படம் இரவு போடுகிறேன்.

ஆஸ்கார்_வீடு
இப்போது பேசலாம். கணக்கைப் பாருங்கள். 5க்கு 2க்கு 2 என்றால் 20 கன அடி. ஒரு கன அடி 28.3 லீட்டர், ஆகவே விளிம்பு வரை 566 லீட்டர். அப்படி யாரும் நிரப்ப மாட்டார்கள். கண்ணாடித் தடிப்பையும் மேலே விடுகிற இடைவெளியையும் கழித்தால் 480க்குக் கிட்ட நிற்கும். 12 மில்லிக் கண்ணாடி சதுர மீற்றருக்கு 30 கிலோ. அடியும் நாலு பக்கமும் சேர்த்தால் கண்ணாடி மட்டும் 100 கிலோவுக்கு மேல். இரண்டு இஞ்சி மணலும் கற்களும் போட்டால் மொத்தம் ஏறத்தாழ 650 கிலோ. பத்துப் பேர் இரவும் பகலும் அந்தச் சட்டத்தின் மேல் ஏறி நிற்கிற மாதிரி.

பொக்ஸ்பார்
650 கிலோவுக்கு 2க்கு 2 காலா? நசுங்கிவிடும்.

மட்டக்கோல்
நசுங்காது. ஒரு காலின் வெட்டுமுகம் 4 சதுர இஞ்சி, அதாவது 26 சதுர சென்ரிமீற்றர் அளவு. 650ஐ நாலால் பிரித்தால் காலுக்கு 160 சொச்சம் கிலோ, சதுர சென்ரிமீற்றருக்கு 6 கிலோ சொச்சம். நெட்டுக்கு நிற்கிற எந்த உலர்ந்த மரமும் இதைப் போலப் பல மடங்கு தாங்கும். மரம் நசுங்கி எந்தத் தொட்டியும் விழுவதில்லை. கால் நாலும் ஒரே பக்கமாகச் சாய்ந்து, நீள்சதுரம் இணைகரம் ஆகித்தான் விழும். தம்பி சொல்கிற ஆட்டம் அதுதான். இன்னும் இரண்டு கால் வைத்தால் ஆறு காலும் சேர்ந்து சாயும்.

இரண்டு கேள்வி. மேல்சட்டம் காலின் தலையில் ஏறி உட்கார்ந்திருக்கிறதா, அல்லது காலின் பக்கத்தில் ஸ்குரூவால் தொங்குகிறதா? பின்பக்கம் பலகை ஏதும் அடித்திருக்கிறீர்களா?

சிலாகை
எல்லோரும் எங்கெங்கோ போகிறீர்கள். மகோகனி தளபாடத்துக்குத்தான். பாரம் தாங்க வேண்டுமானால் பனை. பழைய ஓட்டு வீடு இடிக்கிற இடத்தில் பனஞ்சிலாகை கிடைக்கும். நூறு வருடம் கூரையைத் தாங்கின மரம் ஒரு தொட்டியைத் தாங்காதா? கறையான்கூட வைரத்தில் வாய் வைக்காது.

ஆணிவேர் (மூத்த உறுப்பினர்)
பனையில் வைரம் வெளிப்புறத்தில் மட்டும்தான், உள்ளே மெத்தென்ற சோறுதான். ஸ்குரூ போட்டால் நாராகப் பிளக்கும். முன்னரே துளை போடாமல் ஆணி இறக்கிப் பாருங்கள், ஆணிதான் வளையும்.

சிலாகை
துளை போடத் தெரியாதவர் பனையைத் தொடக் கூடாது. அதுவும் பெண் பனையாக இருக்க வேண்டும். எங்கள் அப்புச்சி ஆண் பனையைக் கூரையில் ஏற்றவே விடமாட்டார்.

கிண்ணியா_வாசி
ஆணோ பெண்ணோ, வயசுதான் முக்கியம். இளம் பனையில் வைரம் எங்கே இருக்கிறது?

பாலையூற்று_அக்கா
பெண் பனையை நினைத்தபடி வெட்டவும் முடியாது. 1951ஆம் ஆண்டு மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் பலா, ஈரப்பலா, பெண் பனை மூன்றும் இருக்கின்றன. அனுமதி வேண்டும்.

சிலாகை
நான் வெட்டச் சொல்லவில்லை அக்கா. இடித்த வீட்டு மரத்தைச் சொன்னேன்.

பாலையூற்று_அக்கா
அதை லொறியில் ஏற்றி வருகையில் வழியில் மறித்துக் கேட்டால் என்ன காட்டுவீர்கள்?

சிலாகை
ஓட்டோவில் ஏற்றுவேன்.

உப்புவெளிக்காரன்
மட்டக்கோல் அண்ணா, சட்டம் காலின் பக்கத்தில்தான். மூலைக்கு இரண்டு ஸ்குரூ. பின்பக்கம் திறந்து விட்டிருக்கிறேன், பைப் போக வேண்டுமே.

மட்டக்கோல்
அப்படியென்றால் உங்கள் தொட்டி நிற்கப்போவது மரத்தில் அல்ல, எட்டு ஸ்குரூவில். கழற்றி எறிய வேண்டாம், இருக்கிறதை வைத்தே திருத்தலாம்.

முதலில் பாரத்தை ஸ்குரூவில் இருந்து எடுங்கள். ஒவ்வொரு மூலையிலும் மேல்சட்டத்தின் அடியில் இருந்து நிலம் வரை 4க்கு 2 துண்டு ஒன்றை நெட்டுக்கு நிறுத்தி, காலோடு சேர்த்துப் பசை வைத்து இறுக்குங்கள். சட்டம் அந்தத் துண்டின் தலையில் இடைவெளி இல்லாமல் உட்கார வேண்டும். கடதாசி ஒன்று நுழைந்தாலும் விடாதீர்கள், திரும்ப வெட்டுங்கள். இதற்குப் பிறகு ஸ்குரூவின் வேலை மரத்தை விலகாமல் பிடிப்பது மட்டும். நீளம் 5 அடி என்பதால் முன்னும் பின்னும் நடுவில் ஒவ்வொரு கால் வைப்பது நல்லது. ஆட்டத்துக்காக அல்ல, சட்டம் நடுவில் தொய்யாமல் இருக்க.

ஆட்டத்துக்கு மருந்து பின்பலகை. 12 மில்லி ப்ளைவுட், முழு அகலத்துக்கும். அடிப்பதற்கு முன் மூலைவிட்டம் இரண்டையும் ரேப்பால் அளந்து, இரண்டும் ஒரே அளவு வரும் வரை சட்டத்தைத் தள்ளிச் சரிசெய்யுங்கள். பிறகு நாலு இஞ்சிக்கு ஒரு ஸ்குரூ. பைப்புக்கு வட்டமாக ஓட்டை போடுங்கள், ஒரு பக்கத்தையே வெட்டித் திறக்க வேண்டாம். இரு பக்கங்களுக்கும் ஒவ்வொரு பலகை. முன்பக்கம் திறந்தே இருக்கட்டும், கதவு போட்டுக்கொள்ளலாம்.

ஆணிவேர் (மூத்த உறுப்பினர்)
ப்ளைவுட் தண்ணீர் பட்டால் அப்பளம். இதைச் சொல்லத்தான் இவ்வளவு கணக்கா?

மட்டக்கோல்
மரைன் ப்ளைவுட் என்று கேட்டு வாங்கட்டும், வெட்டு விளிம்பெல்லாம் இரண்டு பூச்சு வார்னிஷ் அடிக்கட்டும். கால் அடியில் வெட்டுமுகம் தெரிகிற இடத்துக்கும் சேர்த்து. வீடு கழுவுகிற தண்ணீரை மரம் அங்கேதான் உறிஞ்சும். உங்கள் கழுந்து மூட்டும் அடிக்கால் நனைந்தால் ஊறத்தான் செய்யும் ஐயா.

ஆஸ்கார்_வீடு
மேல்பலகை போட்ட பிறகு நூல் பார்க்க மறக்க வேண்டாம். ஒரு மூலையில் இருந்து எதிர் மூலைக்கு ஒரு நூல், மற்ற இரண்டு மூலைக்கும் இன்னொரு நூல், இரண்டையும் விறைப்பாக இழுத்துக் கட்டுங்கள். நடுவில் ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் போனால் பலகை தட்டை. மேல்நூலுக்கும் கீழ்நூலுக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தாலோ ஒன்று மற்றதை அமுக்கினாலோ ஒரு மூலை தூக்கியோ இறங்கியோ இருக்கிறது. மேல்நூலைக் கீழே மாற்றிப்போட்டும் ஒரு தடவை பாருங்கள். முழுத் தொட்டியும் ஒரு பக்கம் மூன்று நாலு மில்லி சாய்ந்திருப்பதைக் கண்ணாடி பொறுக்கும், முறுக்கைப் பொறுக்காது. சாமம் ஒரு மணிக்குச் சிலிக்கன் விட்டு ஹோல் முழுக்கத் தண்ணீர் ஓடிய வீடு எனக்குத் தெரியும். ஸ்டாண்டுக்கு ஒன்றும் ஆகவில்லை, ஒரு மூலை மட்டும் உயரம்.

கிண்ணியா_வாசி
ரைல்ஸ் நிலம் பெரும்பாலும் வாசல் பக்கம் சரிவாக இருக்கும், கழுவிவிட வேண்டும் என்று மேசன் அப்படித்தான் போடுவார். ஸ்டாண்டின் காலுக்கு அடியில் பிளாஸ்ரிக் துண்டு வைத்து மட்டம் எடுங்கள். தொட்டிக்கும் பலகைக்கும் நடுவில் துண்டு வைக்காதீர்கள்.

பொக்ஸ்பார்
அதற்குத்தான் ரெஜிபோம், அந்த வெள்ளை நுரைத் தகடு. அடியில் விரித்தால் மேடு பள்ளம் எல்லாம் சரியாகிவிடும்.

ஆஸ்கார்_வீடு
மணல் பருக்கை, ஸ்குரூத் தலை போன்ற சின்ன மேட்டைத்தான் ரெஜிபோம் விழுங்கும். மூலை அஞ்சு மில்லி தூக்கியிருந்தால் அதுவும் சேர்ந்து தூக்கும். அதோடு அடிக் கண்ணாடி முழுவதும் பலகையில் படுகிற தொட்டிக்குத்தான் அது. தொட்டியின் அடிவிளிம்பிலேயே சட்டம் வைத்திருந்தால் அந்தச் சட்டத்தில்தான் நிற்க வேண்டும், ரெஜிபோம் போடக் கூடாது. தம்பியின் தொட்டி எது?

பாலையூற்று_அக்கா
ஒருவரும் முருகைக்கல்லைக் கவனிக்கவில்லையா? எடுக்காதீர்கள் தம்பி. புறாமலைத் தீவு 2003இல் இருந்து தேசியப் பூங்கா, அங்கே ஒன்றையும் தொட முடியாது. வேறு கரையில் ஒதுங்கியது என்று சொன்னாலும் வில்லங்கம்தான். அதைவிட, அந்தக் கல் சுண்ணாம்பு. தண்ணீரின் கடினமும் பிஎச்சும் ஏறும், ஆஸ்காருக்கு ஏன் அந்தத் தண்டனை? ஆற்றுக்கல் போடுங்கள்.

சிலாகை
அக்கா சட்டம் படித்தவரோ?

பாலையூற்று_அக்கா
பத்திரிகை படிக்கிறவள்.

ஆணிவேர் (மூத்த உறுப்பினர்)
தலைப்பு ஸ்டாண்ட். பனை, முருகைக்கல், கறள் எல்லாவற்றுக்கும் தனி இழை தொடங்கலாம். கேட்டவரே காணாமல் போய்விட்டார், வழமை போல.

கிண்ணியா_வாசி
மனிதர் மரம் அறுத்துக்கொண்டு இருப்பார் ஐயா, விடுங்கள்.

உப்புவெளிக்காரன்
பின்னாலும் பக்கத்திலும் ப்ளைவுட் அடித்தாயிற்று, மூலைத்துண்டும் நடுக்காலும் வைத்தாயிற்று. நான் ஏறிக் குதித்தும் பார்த்தேன், அசையவில்லை. நூல் பார்த்ததில் வாசல் பக்கத்து மூலை இறங்கி இருந்தது, பிளாஸ்ரிக் துண்டு வைத்தேன். கல் எடுக்கவில்லை. எல்லோருக்கும் நன்றி, மட்டக்கோல் அண்ணாவுக்கு விசேடமாக.

ஆஸ்கார்_வீடு
சந்தோஷம். ஒரேயடியாக நிரப்ப வேண்டாம். கால்வாசி தண்ணீர் விட்டு, நாலு மூலையிலும் அடிக் கண்ணாடியில் இருந்து நீர்மட்டம் எவ்வளவு என்று அளந்து எழுதி வையுங்கள். ஒரு இரவு விட்டுத் திரும்ப அளவுங்கள். தொட்டியின் அடியில் சட்டம் இருக்கிறதா இல்லையா என்று நீங்கள் இன்னும் சொல்லவில்லை. ரெஜிபோம் போட்டீர்களா?

மட்டக்கோல்
மாரி தொடங்கியதும் ஸ்குரூ எல்லாவற்றையும் ஒரு சுற்று பாருங்கள். பச்சை மரமாக இருந்தால் உலரும்போதும் ஊறும்போதும் இளகும்.

ஆஸ்கார்_வீடு
தம்பி? ரெஜிபோம்?

சிலாகை
பனை விஷயத்தை முடிக்காமல் போகிறீர்கள். வைரம் நாலு விரல் தடிப்புள்ள சிலாகை என்னிடம் இரண்டு கிடக்கிறது, படம் போடுகிறேன். அதில் சோறு எங்கே இருக்கிறது என்று ஆணிவேர் ஐயா காட்டட்டும்.