மறு: 'திராவ்ல்யா'வுக்குத் தமிழ்ச்சொல்

அன்புள்ள குழுவினருக்கு,

திராவ்ல்யா (ஒருவரைக் கூட்டமாகத் துரத்தி வதைப்பது), பய்கோட் (ஆங்கிலத்தின் 'பாய்காட்'), இஸ்கோய் (ஒதுக்கப்பட்டவர்) ஆகிய மூன்று ரஷ்யச் சொற்களையும் தமிழில் 'புறக்கணிப்பு' என்ற ஒன்றிலேயே அடக்கிவிடலாம் என்ற முன்மொழிவில் எனக்கு உடன்பாடில்லை. ஆங்கிலத்தின் வழியாக ரஷ்யத்தைப் பார்ப்பதால் நேரும் குழப்பம் இது.

திராவ்ல்யா வேட்டைக்காரர்களின் சொல். நாய்களை ஏவி விலங்கை விரட்டி மடக்குவதைக் குறித்தது, பின்னர் ஒரு மனிதர்மேல் கூட்டம் பாய்வதற்கும் ஆகிவந்தது. ஆங்கிலத்தில் அரசியல் என்றால் 'பெர்செக்யூஷன்', பள்ளிக்கூடம் என்றால் 'புல்லியிங்' என்று பிரித்துவிடுகிறார்கள். ரஷ்யருக்கு இரண்டும் திராவ்ல்யாதான். 1958 அக்டோபரில் சோவியத் எழுத்தாளர் பஸ்தெர்நாக்குக்கு நோபல் பரிசு அறிவிக்கப்பட்ட சில நாள்களிலேயே எழுத்தாளர் சங்கம் அவரை நீக்கியது, நாளிதழ்கள் தூற்றின. அவருடைய 'டாக்டர் ஷிவாகோ' நாவலைப் படித்தே இராதவர்களும் கண்டித்தார்கள். படிக்க ஏது வழி? சோவியத் நாட்டில் அது அச்சேறியதே 1988இல்தான். கடைசியில் பரிசு வேண்டாம் என்று அவரே தந்தி அனுப்ப வேண்டியதாயிற்று. இதையா புறக்கணிப்பு என்பது? கண்டுகொள்ளாமல் விட்டிருந்தால் அந்த மனிதர் நிம்மதியாக எழுதிக்கொண்டிருப்பாரே!

ஆகவே திராவ்ல்யாவுக்குச் 'சூழ்வதை' (சூழ் + வதை) என்று முன்வைக்கிறேன். 'துன்புறுத்தல்' போதாது, அதை ஒருவர் தனியாகவே செய்யலாம். 'சூழ்' என்பதில் வளைத்துக்கொள்வதும் உண்டு, சூழ்ச்சியும் உண்டு. இலங்கையில் ராகிங்குக்குப் 'பகடிவதை' ஏற்கெனவே வழக்கில் இருப்பதால் 'வதை' என்று முடிவதும் வாசகருக்கு உறுத்தாது.

பய்கோட் வேறு. 1880இல் அயர்லாந்தின் மேயோ பகுதியில் பாய்காட் என்ற பண்ணை முகவருக்கு அறுவடை செய்ய ஆளில்லை, கடையில் சாமான் தர ஆளில்லை. அவர் பெயரே சொல்லாயிற்று. இன்றைய ஆங்கிலத்தில் அது பெரும்பாலும் பொருள்களையும் தேர்தல்களையும் பற்றியது. ரஷ்யப் பள்ளிப் பிள்ளைகளோ இன்னமும் ஒரு மாணவிக்கு எதிராகப் 'பய்கோட் அறிவிக்கிறார்கள்'. வகுப்பில் ஒருவரும் அவளோடு பேசுவதில்லை. நம் பிள்ளைகள் 'கா' விடுவது இருவருக்குள் நடப்பது. இது வகுப்பே கூடி எடுக்கும் முடிவு. இந்தப் பொருளுக்குப் 'பேச்சுவிலக்கு' பொருந்தும். தேர்தலுக்கும் பொருள்களுக்கும் புறக்கணிப்பே இருக்கட்டும்.

இஸ்கோய் ஆளைக் குறிப்பது. பழைய ரஷ்யச் சட்டநூல்களில் எழுத்தறியாத பாதிரியார் மகன், விடுதலை பெற்ற அடிமை, கடனில் மூழ்கிய வணிகர் என்று தம் நிலையிலிருந்து வழுவியவர்கள் இஸ்கோய்கள். அங்கே 'நிலையிழந்தார்', இக்காலப் பொருளில் 'ஒதுக்கப்பட்டவர்'.

சூழ்வதையை ஏற்காதவர்கள் தங்கள் சொல்லை 'பஸ்தெர்நாக்கைச் சூழ்வதைக்கு உள்ளாக்கினார்கள்' என்ற வாக்கியத்தில் பொருத்திப் பார்த்து எழுதுங்கள்.