‘விரைவில்’ என்ற சொல்லை எத்தனை முறை நம்புவது?

மூன்றாம்கோபுரம்:
நான்கு ஆண்டுகளாக நான் ஆடிவரும் இணைய விளையாட்டின் சர்வரை இன்று காலை பராமரிப்புக்காக நிறுத்தினார்கள். நான்கு மணி நேரம் ஆகும் என்றார்கள், பிறகு இரண்டு மணி நேரம் கூட்டினார்கள், மறுபடியும் இரண்டு. கடைசியில் நேரத்தையே எடுத்துவிட்டு, ‘விரைவில் திரும்புவோம், உங்கள் பொறுமைக்கு நன்றி’ என்று ஒரு வரியை வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். எங்கள் கில்டில், அதாவது விளையாட்டுக் குழுவில், இருபது பேர் ரெய்டுக்காக (கூட்டாகப் போய்ப் பெரிய எதிரியை வீழ்த்தும் ஆட்டம்) மற்ற வேலைகளை ஒதுக்கிவிட்டுக் காத்திருக்கிறோம். சர்வர் பழுதாவதில் எனக்குக் கோபமில்லை. என்ன பழுது என்று ஒரு சொல்கூடச் சொல்லாமல், நான் இன்னும் கொடுக்காத பொறுமைக்கு நன்றி சொல்வதுதான் எரிச்சலூட்டுகிறது.

பழையபேட்ச்:
காரணத்தைச் சொல்லிவிட்டால் நாம் அமைதியாகிவிடுவோம் என்று நம்புகிறீர்களா, நண்பரே? ஸ்டார் சிட்டிசன் என்ற விண்வெளி விளையாட்டைப் பாருங்கள். 2012இல் மக்களிடம் நிதி திரட்டத் தொடங்கியபோது 2014இல் வெளியாகும் என்றார்கள். இன்னும் முழுமையடையாத ஆல்பா என்ற சோதனை நிலையிலேயே இருக்கிறது. அவர்கள் தங்கள் பணித்திட்டத்தையே பொதுவில் வைத்தார்கள். அதில் உத்தேசமாகப் போட்டதையெல்லாம் ஆட்டக்காரர்கள் சத்தியமாக எடுத்துக்கொண்டு சண்டையிட்டதால், அடுத்த காலாண்டுக்கு அப்பால் உள்ளவற்றை 2022இல் அந்தப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டார்கள். நோ மேன்ஸ் ஸ்கை என்ற இன்னொரு விண்வெளி விளையாட்டின் கதை இதற்கு நேர்மாறானது. 2016 ஆகஸ்டில் அது வெளியான கையோடு இரண்டு பேர் ஒரே கோளில் ஒரே இடத்தில் போய் நின்றார்கள்; ஒருவர் கண்ணுக்கு மற்றவர் தெரியவில்லை. ஒருவரையொருவர் சந்திக்கலாம் என்று முன்பு வாய் நிறையப் பேசியதற்கு விலை கொடுத்த அதன் தயாரிப்பு நிறுவனம் ஹலோ கேம்ஸ், பிறகு வாயை மூடிக்கொண்டு வேலை பார்த்தது. நவம்பரில் முதல் பெரிய அப்டேட் வந்தது, 2018 ஜூலையில் பலர் சேர்ந்து ஆடும் முழுமையான மல்டிபிளேயர் வந்தது. அதை மீட்டது பேச்சா, வேலையா?

மூன்றாம்கோபுரம்:
வேலைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த மௌனத்தின்போது காசு கொடுத்து வாங்கியவர்கள் ஏமாற்றப்பட்டோமா என்று தெரியாமல் நின்றதையும் கணக்கில் சேருங்கள். ஃபைனல் ஃபேன்டசி 14 என்ற இணைய விளையாட்டின் முதல் பதிப்பு 2010இல் படுதோல்வி அடைந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் அதன் தயாரிப்பாளராகப் பொறுப்பேற்ற நவோகி யோஷிடா, ஆட்டக்காரர்களுக்குத் தொடர்ந்து கடிதம் எழுதி, என்ன தவறு, எதை மாற்றப்போகிறோம் என்று சொல்லிக்கொண்டே வந்தார். 2012 நவம்பரில் பழைய சர்வர்களை மூடி, 2013 ஆகஸ்டில் புதிதாகக் கட்டியதைத் திறந்தார்கள். அதே விளையாட்டில் 2021 டிசம்பரில் உள்நுழைவு வரிசை மணிக்கணக்கில் நீண்டபோது, உலகளாவிய சில்லுத் தட்டுப்பாட்டால் புதிய சர்வர்களை வாங்க முடியவில்லை என்று காரணத்தைச் சொன்னார்கள், சந்தாவில் இலவச நாள்களைச் சேர்த்தார்கள், விற்பனையையே சில காலம் நிறுத்தினார்கள். விற்பனையை நிறுத்திவிட்டுக் கேட்கிற மன்னிப்பை நம்புவது எனக்குச் சிரமமாக இல்லை.

டிக்கெட்எண்7:
ஒரு நிறுவனத்தில் மூன்று ஆண்டுகள் இத்தகைய அறிவிப்புகளை எழுதியவன் என்ற முறையில் இடையில் வருகிறேன். எழுதுகிறவருக்குப் பெரும்பாலும் உங்களைவிட அதிகமாக ஒன்றும் தெரியாது. நிரலாளர், ‘தரவுத்தளம் ஒழுங்காக எழுந்தால் ஒருவேளை ஆறு மணிக்கு’ என்பார். அது இரண்டு மேலாளர்களைக் கடந்து என் மேசைக்கு வரும்போது ‘ஒருவேளை’ உதிர்ந்துபோய் ‘ஆறு மணி’ மட்டும் மிஞ்சியிருக்கும். பிளேஸ்டேஷன் போன்ற கன்சோலுக்கான பதிப்பாக இருந்தால் இன்னும் மோசம்: பேட்ச், அதாவது பழுதைச் சரிசெய்யும் நிரல், தயாராகிவிட்டாலும் கன்சோல் நிறுவனத்தின் சோதனையில் தேறாமல் வெளியிட முடியாது, அந்தத் தேதி எங்கள் கையில் இல்லை. ‘விரைவில்’ என்று எழுதிய நாள்களில் எனக்கே கூச்சமாக இருந்திருக்கிறது.

பழையபேட்ச்:
என் வாதத்தை நீங்களே வலுப்படுத்திவிட்டீர்கள். ஓவர்வாட்ச் 2 என்ற சுடும் விளையாட்டில், 2019இல் அறிவித்த ஹீரோ மோட் (மற்ற ஆட்டக்காரர்களோடு அல்லாமல் கணினி எதிரிகளோடு மோதும் ஆட்டமுறை) வராது என்று 2023 மே மாதம் வெளிப்படையாகத்தான் சொன்னார்கள். உண்மையைச் சொன்னதற்காக யார் பாராட்டினார்கள்? திட்டுதான் விழுந்தது.

மூன்றாம்கோபுரம்:
விழாமல் என்ன செய்யும்? இரண்டாம் பாகம் எதற்கு என்று கேட்டவர்களுக்கு அந்த மோடைத்தானே காரணமாகக் காட்டினார்கள்? விளையாட்டை 2022 அக்டோபரில் வெளியிட்டு ஏழு மாதம் கழித்து வந்த உண்மை அது.

டிக்கெட்எண்7 சொன்னதைப் படித்தபின் அறிவிப்பு எழுதுகிறவர்மீது இருந்த கோபம் எனக்குக் குறைந்திருக்கிறது. ஆனால் அந்த ‘ஒருவேளை’யை அப்படியே அறிவிப்பில் போட்டால் என்ன குறைந்துவிடும்?

பழையபேட்ச்:
அதையும் படம் பிடித்து வைத்துக்கொண்டு ஆறு மணிக்கு வந்து கேட்பார்கள்.

மூன்றாம்கோபுரம்:
கேட்கட்டும், நானும் கேட்பேன். இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அறிவிப்பு மாறியிருக்கிறது: ‘ஆட்டக்காரர்களின் பொருட்கிடங்குத் தரவை மீட்டெடுக்கிறோம், எப்போது முடியும் என்று இப்போது சொல்ல இயலாது, அடுத்த தகவல் இரவு 9 மணிக்கு.’ கில்டில் பாதிப் பேர் இதைப் பார்த்துவிட்டுப் படுக்கப் போய்விட்டார்கள், ஒருவரும் திட்டவில்லை. நான் 9 மணி வரை விழித்திருக்கிறேன்.